ஆளுக்கு ஒரு குழு எடுத்துக்கொள்ளாதீர்கள்

கேள்வி: புள்ளியியல் பாடத்துக்காக நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். இரண்டு குழுக்களுக்கு நடுவே உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே 20 சொற்களை மனப்பாடம் செய்பவர்கள் ஒரு குழு, அமைதியில் செய்பவர்கள் இன்னொரு குழு. ஆளுக்கு ஒரு குழுவைப் பார்த்துக்கொள்வதாகத் திட்டம். எத்தனை பேர் வேண்டும்? எந்தச் சோதனை போட வேண்டும்? பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வராவிட்டால் மதிப்பெண் போய்விடுமா?

பதில்:

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி இருக்கிறதே, "ஆளுக்கு ஒரு குழுவைப் பார்த்துக்கொள்வதாகத் திட்டம்", அதை முதலில் கைவிடுங்கள். எந்தச் சோதனை என்பதெல்லாம் கடைசியில் ஐந்து நிமிட வேலை. இந்த ஒரு வரி மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும்.

குழுவும் இரண்டு, ஆளும் இரண்டு, ஆளுக்கொன்று எடுத்தால் வேலை பாதி என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அப்படிப் பிரித்துவிட்டால், கடைசியில் உங்கள் கையில் இருக்கும் வேறுபாடு பாட்டுக்கும் அமைதிக்கும் நடுவே உள்ளதா, உங்களுக்கும் உங்கள் தோழிக்கும் நடுவே உள்ளதா என்று சொல்ல வழியே இருக்காது. நீங்கள் சிரித்த முகத்தோடு "நல்லா யோசிச்சுப் பாருங்க, இன்னும் ஞாபகம் வரும்" என்று ஊக்குவித்திருப்பீர்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "நேரம் முடிஞ்சது" என்று தாளைப் பிடுங்கியிருப்பார். இரண்டும் எண்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு உயர்ந்த சூத்திரத்தைப் போட்டாலும் பிரித்தெடுக்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மாணவனாக இருந்தபோது நானும் ஒரு நண்பனும் ஸ்கேலை விட்டுப் பிடிக்கும் சோதனை செய்தோம். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்திருப்பார். எதிரே இருப்பவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்திருப்பார். சொல்லாமல் ஸ்கேலை விட வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீ. விழுந்தது என்று பார்த்தால் அவருடைய எதிர்வினை நேரம் தெரிந்துவிடும்: 15 செ.மீ. என்றால் சுமார் 0.175 வினாடி, 20 செ.மீ. என்றால் சுமார் 0.20 வினாடி. விளையாட்டு வீரர்களை நான் எடுத்துக்கொண்டேன், விளையாடாதவர்களை அவன். வீரர்கள் சராசரியாக நான்கைந்து செ.மீ. முன்னதாகவே பிடித்தார்கள். ஒரே குஷி. அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "யார் யாருக்கு ஸ்கேலை விட்டது?" சொன்னோம். "நாளைக்கு மாற்றி விடுங்க, பார்ப்போம்" என்றார். மறுநாள் பத்துப் பேரை வைத்து மாற்றிச் செய்தபோது வேறுபாடு குழுவோடு போகவில்லை, என்னோடு வந்துவிட்டது. நான் ஸ்கேலை விடுவதற்குச் சற்று முன்னால், என்னையறியாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேனாம். எதிரே இருப்பவருக்கு அது "இதோ விடப்போகிறேன்" என்று சொன்ன மாதிரி. நண்பன் அப்படியே சிலை மாதிரி நின்று விடுவான்.

சரி, அப்படியானால் இரண்டு பேர் எப்படிப் பிரித்துக்கொள்வது? குழுவைப் பிரிக்காமல் வேலையின் கட்டங்களைப் பிரியுங்கள். ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்குப் பாட்டு, யாருக்கு அமைதி என்று பார்த்து, சோதனையை நடத்தட்டும். மற்றவர் விடைத்தாள்களைத் திருத்தட்டும். திருத்துபவருக்கு எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியவே கூடாது. தாளில் 1 முதல் 30 வரை எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியல் நடத்துபவரிடம் மட்டும் இருக்கட்டும், திருத்தி முடிக்கும்வரை அதைத் திறக்க வேண்டாம். தனியாகச் செய்யும் மாணவருக்கு இந்த வசதி கிடைக்காது. தான் நடத்தியதைத் தானேதான் திருத்த வேண்டும், குழு எதுவென்று தெரிந்துகொண்டே. நீங்கள் இரண்டு பேர் இருப்பதன் உண்மையான லாபம் இதுதான். அத்தனை பேரையும் ஒருவரே நடத்த முடியாது என்றால், இரண்டு குழுக்களிலும் பாதிப் பாதியை ஆளுக்கு எடுங்கள். அப்போது உங்கள் குணம் இரு குழுக்களிலும் சமமாகக் கலந்துவிடும்.

யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். 30 பேர் என்றால் 15 சீட்டில் "பாட்டு", 15 சீட்டில் "அமைதி" என்று எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டு, வருகிறவர் எடுக்கட்டும். "முதலில் வந்த 15 பேருக்குப் பாட்டு" என்று செய்யாதீர்கள். முதலில் வருகிறவர்கள் ஆர்வமுள்ளவர்களாக இருப்பார்கள், பின்னால் வருகிறவர்களை நீங்கள் இழுத்து வந்திருப்பீர்கள். "பாட்டு வேண்டுமா வேண்டாமா?" என்று அவர்களையே கேட்பது இன்னும் மோசம். பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்துப் பழகியவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் போய்விடுவார்கள்.

குலுக்கலுக்கு இன்னொரு பலனும் உண்டு. சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்தான் "பாட்டு காரணமாக" என்று அறிக்கையில் எழுத உங்களுக்கு உரிமை வரும். என் பழைய திட்டத்தில் வீரர், வீரர் அல்லாதவர் என்பது ஏற்கெனவே இருக்கிற பிரிவு, நாங்கள் குலுக்கிப் போட்டதல்ல. அங்கே ஒழுங்காக அளந்து வேறுபாடு வந்திருந்தாலும், விளையாடியதால் கை வேகமானதா, கை வேகமாக இருந்ததால் விளையாட வந்தார்களா என்று தெரியாது. அந்த மாதிரித் திட்டத்தில் "வேறுபாடு இருக்கிறது" என்ற இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திருத்தும் விதிகளைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் முதல் பத்துத் தாளிலேயே மூச்சு முட்டும். பட்டியலில் "மரம்" இருந்தது, அவர் "மரங்கள்" என்று எழுதியிருக்கிறார், மதிப்பெண் உண்டா? "பள்ளம்" என்பதற்குப் "பல்லம்" என்று எழுதியிருக்கிறார். ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதியிருக்கிறார். பட்டியலிலேயே இல்லாத சொல் ஒன்றை எழுதியிருக்கிறார், அதற்குக் கழிக்க வேண்டுமா? எந்த விதியாக இருந்தாலும் பரவாயில்லை, முன்கூட்டியே இருக்க வேண்டும், எல்லாத் தாளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்துத் தாள்களை மட்டும் நகலெடுத்து இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

இப்போது எண்களுக்கு வருவோம். கணக்குச் சுலபமாக வருவதற்காக நானே கற்பனையாக எழுதிய மதிப்பெண்கள் இவை, குழுவுக்கு 8 பேர். அமைதிக் குழு: 12, 9, 14, 11, 10, 13, 8, 11. பாட்டுக் குழு: 9, 7, 12, 10, 6, 11, 8, 9. முதல் குழுவின் சராசரி 11, இரண்டாவதின் சராசரி 9. இரண்டுக்கும் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 2. வேறுபாடு 2 சொற்கள். இந்த 2 நம்பத் தகுந்ததா?

இதற்கு டி-சோதனை செய்வது ஒரு வகுத்தல்தான். வேறுபாட்டை அந்த வேறுபாட்டின் திட்டப் பிழையால் (தற்செயலால் மட்டும் அது எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவால்) வகுக்கிறோம். ஒவ்வொரு குழுவின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 4, ஆள் 8. நான்கை எட்டால் வகுத்தால் 0.5, இரண்டு குழுவுக்கும் சேர்த்து 1, அதன் வர்க்கமூலமும் 1. ஆக டி-யின் மதிப்பு 2 ÷ 1 = 2. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (மொத்த ஆளில் குழுவுக்கு ஒன்று கழித்தது) 14. டி-அட்டவணையில் 0.05-க்கான எல்லை 2.145. நாம் 2-இல் நிற்கிறோம், எட்டவில்லை. பி-மதிப்பு சுமார் 0.065.

இந்த 0.065 என்ன சொல்கிறது என்பதில்தான் பாதி அறிக்கைகள் சறுக்குகின்றன. சூத்திரத்தை மறந்துவிட்டு இப்படி யோசியுங்கள். அந்த 16 மதிப்பெண்களையும் 16 சீட்டில் எழுதுங்கள். பாட்டு, அமைதி என்பதையே மறந்துவிட்டு நன்றாகக் குலுக்கி, எட்டு எட்டாக இரண்டு குவியல் போடுங்கள். இரண்டு குவியலின் சராசரிக்கும் நடுவே எவ்வளவு வேறுபாடு? எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள். 16 சீட்டை இப்படி எட்டெட்டாகப் பிரிக்க 12,870 வழிகள் இருக்கின்றன. நூறு தடவை குலுக்கினால் பெரும்பாலும் வேறுபாடு அரை, ஒன்று என்றுதான் வரும். 2 அல்லது அதற்கு மேல், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, பத்துக்கும் குறைவான தடவைதான் வரும். பாட்டால் எந்த விளைவுமே இல்லாதபோதும் வெறும் குலுக்கலே இவ்வளவு பெரிய வேறுபாட்டை எத்தனை தடவை உண்டாக்கும் என்பதுதான் பி-மதிப்பு. டி-சோதனை அதே கேள்விக்குச் சீட்டில்லாமல் ஒரு வளைகோட்டை வைத்துக் கிட்டத்தட்ட அதே விடையைச் சொல்கிறது. இந்தச் சீட்டு விளையாட்டை வகுப்பில் நேரே செய்து காட்டினால், இருபது ஸ்லைடு போட்டதைவிட நன்றாகப் போய்ச் சேரும்.

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் சொன்ன தேநீர்ச் சோதனையும் இதே கதைதான். கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி. பால் முதலில் ஊற்றிய நாலைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி, சரியானது ஒன்றே ஒன்று. சும்மா குருட்டாம்போக்கில் சொல்லி நாலும் சரியாக வர வாய்ப்பு 70-இல் 1, அதாவது 0.014. கணிதம் என்று பார்த்தால் இவ்வளவுதான். கோப்பைகளின் வரிசையைக் குலுக்கி வைத்ததுதான் அந்தச் சோதனையின் உயிர்.

ஆகவே பி-மதிப்பு 0.065 என்றால் "வேறுபாடு இல்லாமலிருக்க 6.5 சதவீத வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். "வேறுபாடு இல்லை என்று நிரூபணமானது" என்றும் எழுதாதீர்கள். நம் எண்களில் வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சுமார் −0.1-இலிருந்து 4.1 வரை போகிறது. அதாவது பாட்டால் ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம், நாலு சொல் குறைந்தும் போகலாம். 8 பேரை வைத்துக்கொண்டு இதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் நேர்மையான வாசிப்பு. வேறுபாடு ஒரு முழுத் திட்ட விலக்கம் அளவுக்கு இருக்கிறது. புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் வகுத்த வழக்கப்படி 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. நம்முடையது 1. அவ்வளவு பெரிய விளைவையே 8 பேர் தவறவிடுகிறார்கள்.

அதனால் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு: விளைவு பெரியதாக (0.8) இருந்தால், அதை ஐந்தில் நாலு தடவையாவது பிடிக்கக் குழுவுக்கு 26 பேர் வேண்டும். நடுத்தரமாக (0.5) இருந்தால் குழுவுக்கு 64 பேர். சிறியதாக (0.2) இருந்தால் குழுவுக்கு 390-ஐத் தாண்டும், உங்களால் ஆகாத காரியம். மாணவர் திட்டங்களில் வழக்கமாக வரும் 15-க்கு 15 என்பது, விளைவு மிகப் பெரியதாக இருந்தால் தவிர, காசைச் சுண்டிப் பார்க்கிற வேலைதான்.

ஆனால் உங்கள் தலைப்புக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, நேர்மையான குறுக்குவழி. ஒரே ஆளைப் பாட்டோடு ஒரு முறை, அமைதியில் ஒரு முறை செய்ய வையுங்கள். மேலே எழுதிய எண்களையே எடுத்து, அவை 16 பேருடையவை அல்ல, 8 பேரின் இரண்டிரண்டு மதிப்பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் அமைதியில் 12, பாட்டோடு 9, வேறுபாடு 3. இப்படியே எட்டுப் பேருக்கும்: 3, 2, 2, 1, 4, 2, 0, 2. சராசரி வேறுபாடு அதே 2 தான். ஆனால் இந்த வேறுபாடுகளின் திட்ட விலக்கம் சுமார் 1.2, திட்டப் பிழை சுமார் 0.42. டி-யின் மதிப்பு 4.7-ஐத் தாண்டிவிடுகிறது, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 7, பி-மதிப்பு சுமார் 0.002. இடைவெளியும் 1-இலிருந்து 3 வரை என்று சுருங்கிவிடுகிறது. எண்கள் மாறவில்லை, நாம் கேட்ட விதம் மாறியது. சிலருக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி அதிகம், சிலருக்குக் குறைவு. அந்த ஏற்ற இறக்கம்தான் முதல் முறையில் விளைவை மூடி மறைத்தது. ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போது அது கழிந்துபோகிறது. இதற்குத்தான் இணைச் சோதனை என்று பெயர்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெவ்வேறு ஆட்களின் எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு இணைச் சோதனை போட முடியாது. உண்மையிலேயே ஒரே ஆளாக இருக்க வேண்டும். அப்புறம் இணை வடிவத்துக்கு அதற்கே உரிய வம்பு இருக்கிறது. இரண்டாம் தடவை செய்யும்போது பழகியிருப்பார்கள், அல்லது சலித்திருப்பார்கள். எனவே பாதிப் பேருக்கு முதலில் பாட்டு, பாதிப் பேருக்கு முதலில் அமைதி. சொற்பட்டியலும் இரண்டு வேண்டும், ஒன்று சற்று எளிதாக அமைந்துவிடலாம், ஆகவே அதையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். மொத்தம் நாலு வகை வரிசை, யாருக்கு எது என்று மறுபடி அதே டப்பா, அதே சீட்டு. ஆசிரியர் "இரண்டு தனித்தனிக் குழுக்கள்" என்று அழுத்திச் சொல்லியிருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். விட்டுக்கொடுத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இணை வடிவத்தைத்தான் எடுப்பேன்.

எந்தச் சோதனை? மதிப்பெண், நேரம், செ.மீ. மாதிரி எண்ணாக இருந்தால் டி-சோதனை. தனித்தனிக் குழு என்றால் அதிலும் வெல்ச் வடிவம். இரு குழுக்களின் பரவலும் சமம் என்று அது எதிர்பார்ப்பதில்லை. "முதலில் பரவல் சமமா என்று ஒரு சோதனை, பிறகு அதற்கேற்ற டி-சோதனை" என்று பழைய குறிப்புகளில் இருக்கும். தேவையில்லாத சுற்று, நேரே வெல்ச் போடுங்கள். எக்செலில் டி.டெஸ்ட் என்ற வாய்ப்பாட்டில் கடைசியாகக் கொடுக்கும் எண்தான் இதைத் தீர்மானிக்கிறது: 1 என்றால் இணை, 2 என்றால் பரவல் சமம், 3 என்றால் வெல்ச். அதற்கு முந்தைய எண் 2 ஆக இருக்கட்டும், அது இருபக்கச் சோதனை. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவாகவே வெல்ச் போடும். பைத்தான் மொழியின் சைபை நூலகம் அப்படியல்ல, பரவல் சமம் என்று தானாக எடுத்துக்கொள்ளும், நாம்தான் மாற்ற வேண்டும். இருவரும் வேறு வேறு மென்பொருளில் கணக்கிட்டு விடை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் பத்தில் ஒன்பது முறை காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

"மிகவும் பிடித்தது, பிடித்தது, பரவாயில்லை" என்பது போன்ற தர வரிசையாக இருந்தாலோ, ஓரிரு மதிப்புகள் தறிகெட்டு நின்றாலோ மான்-விட்னி சோதனை. ஆம், இல்லை என்ற விடைகளை எண்ணுவதாக இருந்தால் கை-வர்க்கச் சோதனை. அந்த அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்கும் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. தரவு இயல்நிலைப் பரவலா (மணி வடிவமா) என்று தனியே ஒரு சோதனை போட்டு அதன் பி-மதிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆட்கள் குறைவாக இருக்கும்போது அது எதையும் கண்டுபிடிக்காது, அதிகமாக இருக்கும்போது உப்புச்சப்பில்லாத கோணலையெல்லாம் கண்டுபிடிக்கும். அதைவிட ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்து இரண்டு வரிசை வரைந்து பாருங்கள். சராசரிக்கு மேலே பட்டை எழுப்பும் வரைபடம் வேண்டாம். எட்டுப் பேரைப் பட்டைக்குள் ஒளித்துவைப்பானேன்?

இந்த டி-சோதனைக்கு ஆங்கிலத்தில் "ஸ்டூடன்ட்" சோதனை என்று பெயர் இருப்பதைப் பார்த்து, மாணவர்களுக்கான எளிய சோதனை என்று ஒரு மாணவி எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் 1908-இல் வெளியிட்டது அது. நிறுவனம் சொந்தப் பெயரில் எழுத விடாததால் "ஸ்டூடன்ட்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆலையில் ஆயிரக்கணக்கில் மாதிரி எடுக்க முடியாது, நாலைந்து அளவுகளை வைத்து முடிவு சொல்ல வேண்டும். உங்கள் சிக்கல்தான் அவருடையதும்.

ஆள் எண்ணிக்கையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 15 பேர், ஆளுக்கு 20 சொற்கள், ஆகவே 300 தரவுகள் என்று போட்டுவிடுவார்கள். பி-மதிப்பு கிடுகிடுவென இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரே ஆளின் 20 விடைகள் ஒன்றுக்கொன்று உறவானவை. தரவு 15 தான். பாட்டுக் குழு முழுவதையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் உட்காரவைத்தாலும் இதே கதை. வெளியே ஒரு வண்டி ஹார்ன் அடித்தால் 15 பேருக்கும் சேர்த்துக் கெடும். ஒவ்வொருவராகவோ, இரு குழுக்களையும் கலந்து சின்னச் சின்னத் தொகுதியாகவோ நடத்துங்கள். எல்லோரிடமும் எதற்காக இது என்று சொல்லி, சம்மதம் கேட்டு, நடுவில் எழுந்து போகலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இனி, 0.05. பத்துப் பேர் முடிந்ததும் பார்த்தோம், 0.09. இன்னும் நாலு பேரைச் சேர்த்தோம், 0.07. இன்னும் நாலு, 0.04, அத்தோடு நிறுத்திவிட்டோம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் முடிவு பொய். விளைவே இல்லாத தரவை ஐந்து முறை எட்டிப் பார்த்தால், எங்காவது ஓரிடத்தில் 0.05-க்குக் கீழே இறங்க வாய்ப்பு 5 சதவீதமல்ல, சுமார் 14 சதவீதம். அளவைகளைப் பெருக்கினாலும் இப்படித்தான். சரியான சொற்கள், தவறான சொற்கள், எடுத்த நேரம், முதல் ஐந்து சொற்கள், கடைசி ஐந்து சொற்கள் என்று ஐந்து சோதனை போட்டால், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேற 23 சதவீத வாய்ப்பு. இருபது போட்டால் 64 சதவீதம். அதனால் தரவு எடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்: எத்தனை பேரோடு நிறுத்துவோம், எதை அளப்போம், எந்தச் சோதனை போடுவோம், யாரை எந்தக் காரணத்துக்காக நீக்குவோம். அரைப் பக்கம் போதும். பிறகு தோழி "பாட்டுக் குழுவுல அந்த 12 எடுத்தவரைத் தூக்கிட்டா சரியா வரும்டி" என்று சொன்னால் தாளைக் காட்டலாம். நீங்கள் சொன்னால் அவர் காட்டட்டும்.

அந்தத் தாள் கையில் இருந்தால், 0.05-க்குக் கீழே வராததற்காக மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் அரிது. ஒழுங்காகத் திட்டமிட்டு 0.3 வந்த அறிக்கைக்கு, எப்படியோ 0.049 வந்த அறிக்கையைவிட நான் அதிகம் போடுவேன். அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், பி-மதிப்பு ஒரு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நம் உதாரணத்தை அறிக்கையில் இப்படி எழுதலாம்: "அமைதிக் குழு சராசரியாக 11 சொற்களையும் (திட்ட விலக்கம் 2), பாட்டுக் குழு 9 சொற்களையும் (திட்ட விலக்கம் 2) நினைவுகூர்ந்தன. வேறுபாடு 2 சொற்கள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −0.1 முதல் 4.1 வரை. வெல்ச் டி-சோதனை: டி = 2.0, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 14, பி = 0.065." இதில் ஒரு எண்ணையும் விடாதீர்கள். "கிட்டத்தட்ட முக்கியத்துவம் எட்டியது" மாதிரி வழவழா கொழகொழா வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முதலில் நாலு பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். நாலு பேரும் 20-க்கு 18, 19 எடுத்தால் பட்டியல் மிக எளிது. எல்லோரும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பாட்டு எதைக் குறைத்தது என்று தெரியாது, சொற்களைக் கூட்டுங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள். நாலு பேரும் 3, 4 என்றால் அதற்கு நேர்மாறு. பாட்டின் ஒலி அளவு, வரிகள் உள்ள பாட்டா வெறும் இசையா, படிக்க எத்தனை நிமிடம், எழுத எத்தனை நிமிடம், ஆரம்பத்தில் நீங்கள் சொல்லப்போகும் வாக்கியம் முதற்கொண்டு எல்லாம் வெள்ளோட்டத்தில் முடிவாகி, ஒரு தாளில் ஏறிவிட வேண்டும். சோதனை அன்றைக்கு அந்த வாக்கியத்தைத் தாளைப் பார்த்தே படியுங்கள். அந்த நாலு பேரின் மதிப்பெண் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் கடைசிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடத்துவது யார், திருத்துவது யார் என்று இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கத் தெரிந்தவர் நடத்தட்டும்.